மை பூசிய பாடம்

(படிப்பகமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போரின் கதையைப் பலர் எழுதுகிறார்கள். படைத்தலைவன் எழுதுகிறான், அவன் ஏட்டிலே பிடித்த ஊர்களின் பட்டியல் இருக்கிறது. அமைச்சன் எழுதுகிறான், அவன் ஏட்டிலே, நடந்தவற்றுக்குத் தான் பொறுப்பல்ல என்பதற்கான காரணங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வணிகன் எழுதுகிறான், அவன் ஏட்டிலே வரவு இருக்கிறது. எழுதாமற் போகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், ஆரம்பப் பள்ளியின் பலகையிலே அமர்ந்து, ஆசிரியர் சொன்னதையெல்லாம் உண்மையென்று நம்பி, அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்த பிள்ளைகள்தாம் என்பது விளங்கும்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போதும், போர் முடிந்த பின்னரும் ஜப்பான் நாட்டு ஆரம்பப் பள்ளிகளிலே படித்த சிறுவர் சிறுமியரின் நினைவுகளைப் பற்றி! நமக்கும் ஜப்பானுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று கேட்பீர்கள். உண்டு, சொல்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாசறையாக்கினால் என்ன நேரும் என்பதையும், தோற்ற பிறகு அதே பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பதையும், ஒரே தலைமுறை, ஒரே வகுப்பறையிலே, பல இடங்களில் ஒரே ஆசிரியரின் வாயிலிருந்தே கேட்டறிந்த நாடு அது. அன்று ஆறு வயதும் பத்து வயதுமாக இருந்தவர்கள், இன்று எண்பத்தைந்தையும் தொண்ணூறையும் எட்டிய முதியவர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் தொகை குறைகிறது. அவர்கள் வாய் மூடுவதற்குள் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

1890ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், ஜப்பான் பேரரசனின் பெயரால் கல்வி குறித்து ஓர் ஆணை வெளிவந்தது. குடிமக்கள் பெற்றோரைப் போற்ற வேண்டும், உடன்பிறந்தாரிடம் அன்பு காட்ட வேண்டும் என்றெல்லாம் அதிலே நல்லுரைகள் உண்டு. ஆனால் அந்த நல்லுரைகளெல்லாம் போய்ச் சேருமிடம் ஒன்றே: நெருக்கடி வந்தால் அரச குலத்துக்காக உன்னைத் துணிந்து ஒப்படைத்துவிடு என்பதே அது! பேரரசனின் படமும் அந்த ஆணையும் பள்ளி வளாகத்திலே கோயில் கருவறைபோல் அமைந்த தனி மாடத்திலே வைக்கப்பட்டன. அதைக் கடக்கும் பிள்ளை குனிந்து வணங்கியாக வேண்டும். விழா நாட்களிலே தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை அணிந்து ஆணையைப் படிப்பார். பிள்ளைகள் தலை கவிழ்ந்து நிற்பார்கள். மூக்கு ஒழுகினால் உறிஞ்சவும் அஞ்சி நின்றோம் என்று பின்னாளில் நினைவு கூர்ந்தவர்கள் உண்டு.

1941 ஏப்ரலில் இன்னொரு படி ஏறினார்கள். ஆரம்பப் பள்ளி என்ற பெயரையே எடுத்துவிட்டு, ‘குடிமக்கள் பள்ளி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரிலே குற்றமில்லை, நோக்கத்திலே இருந்தது குற்றம். பிள்ளைக்கு அறிவு தருவதல்ல, பேரரசுக்கு ஏற்ற குடியாக அவனைப் பயிற்றி வார்த்தெடுப்பதே பள்ளியின் கடமை என்று சட்டமே சொல்லிற்று. பாடநூல் அனைத்தும் அரசே எழுதியது. நாடு முழுவதும் ஒரே நூல். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் ஏட்டிலேயே தன் நாடு தெய்வ நாடு என்ற பாடம்! கணக்குப் பாடத்திலும் போர் விமானம். பாட்டுப் பாடத்திலும் போர் முழக்கம். உடற்பயிற்சியிலே மூங்கில் ஈட்டி. பால்மணம் மாறாத பிள்ளைகளைச் ‘சிறு குடிமக்கள்’ என்றழைத்து, சிப்பாய்களுக்குத் தம்பிகளாக வரிசையிலே நிறுத்தினார்கள்.

1994ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கென்சாபுரோ ஓயே அந்த வரிசையிலே நின்ற ஒரு சிறுவர். 1935இல், சிக்கோக்குத் தீவின் மலைச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர். பேரரசர் உன்னைச் சாகச் சொன்னால் என்ன செய்வாய் என்று ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பாராம். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவேன் என்று ஒவ்வொரு பிள்ளையும் விடையிறுக்க வேண்டுமாம். அந்தச் சிறுவரும் அவ்வாறே சொன்னார். ஆனால் இரவிலே, படுக்கையிலே, தனக்குச் சாக விருப்பமில்லையே, நான் பொய் சொன்னேனே என்று உள்ளுக்குள் குமைந்தார். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! உயிர் வாழ விரும்புவதையே ஒரு குழந்தை தன் குற்றமாக எண்ணி நடுங்கும்படி செய்தது அந்தக் கல்வி.

உறவு என்ன என்று கேட்டீர்களே, இதோ சொல்கிறேன். அந்த ஏடுகள் ஆசியாவை விடுவிக்கப் போகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லின. விடுவிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாடுகளின் கதை என்ன? கொரிய நாட்டுப் பள்ளிகளிலே 1938க்குப் பின் கொரிய மொழிப் பாடம் படிப்படியாக ஒதுக்கப்பட்டு, பின்னர் அறவே நீக்கப்பட்டது. 1940 முதல் கொரியர்கள் தம் குடும்பப் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். தாய்மொழியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்கு வந்தன. அங்கிருந்த பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, காலையிலே டோக்கியோ இருக்கும் திசை நோக்கி வணங்கக் கற்றார்கள். ஜப்பானிய மொழியிலே பாடக் கற்றார்கள். அவர்களிலே பலருடைய தந்தைமாரும் தமையன்மாரும் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காட்டிலே, காய்ச்சலிலே, பட்டினியிலே மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரம். டோக்கியோவின் வகுப்பறையிலே ‘விடுதலை’ என்று எழுதப்பட்ட சொல்லுக்கு, சயாமின் காட்டிலே பொருள் ‘பிணம்’ என்றிருந்தது!

விதைத்தவன் வீட்டுக்கும் வினை வந்தது. 1944 சூன் திங்களில், நகரங்களின்மீது குண்டு விழப்போவதை உணர்ந்த அரசு, மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளி பள்ளியாக நாட்டுப்புறத்துக்கு அனுப்ப முடிவு செய்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தாயைப் பிரிந்து, புத்த விகாரைகளிலும் விடுதிகளிலும் தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் நினைவிலே நிற்பது என்ன தெரியுமா? வீரமல்ல, பசி! விளையாட்டுப் பைக்குள்ளே அம்மா தைத்துக் கொடுத்த அவரைக் கொட்டைகளை எடுத்து மென்றதும், பற்பசையைத் தின்றதும், தலையிலே பேன் மொய்த்ததும். அம்மாவுக்கு எழுதும் கடிதத்திலே பசிக்கிறது என்று எழுத முடியாது. ஆசிரியர் படித்துப் பார்ப்பார். ‘நலமாக இருக்கிறேன்’ என்று எழுதிய பிள்ளைகள் நலமாக இல்லை!

1944 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, ஒக்கினாவாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளையும் பிறரையும் ஏற்றிச் சென்ற சுஷிமா மாரு என்னும் கப்பல் அமெரிக்க நீர்மூழ்கியால் தகர்க்கப்பட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் கடலிலே மாண்டார்கள். பிழைத்து வந்த பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள்? நடந்ததை யாரிடமும் பேசக்கூடாது என்று வாய்ப்பூட்டுப் போட்டார்கள். தோழனைப் பறிகொடுத்த குழந்தைக்கு அழவும் உரிமையில்லை!

1945 மார்ச்சுத் தொடக்கத்திலே, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் பள்ளி இறுதி விழாவுக்காக நாட்டுப்புறத்திலிருந்து டோக்கியோ திரும்பினார்கள். அம்மா கையால் ஒரு வாய் உண்ணலாம் என்று வந்தவர்கள். மார்ச் 10ஆம் நாள் விடியுமுன் நகரின்மீது நெருப்பு மழை பொழிந்தது. ஓர் இரவிலே இறந்தவர் ஏறத்தாழ ஓர் இலட்சம். அந்தப் பிள்ளைகளிலே பலர் பட்டம் பெறவில்லை, சாம்பலாயினர். நாட்டுப்புறத்திலேயே தங்கிவிட்ட இளைய பிள்ளைகளிலே பலர், ஒரே இரவில் அநாதைகளாயினர்.

ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த மையத்திலிருந்து அரைக் கல் தொலைவுகூட இல்லாத ஹொன்காவா பள்ளியிலே சுமார் 400 பிள்ளைகளும் அவர்தம் ஆசிரியர்களும் மாண்டனர். வேறொரு பள்ளியின் வாயிலிலே, ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை, ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பள்ளியின் கற்காரைச் சுவர் அவனை மறைத்துக் காத்தது. தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் காக்க எந்தச் சுவரும் இல்லை. அந்தச் சிறுவன்தான், பின்னாளில் ‘வெறுங்கால் கென்’ என்னும் சித்திரக் கதையை வரைந்த கெய்ஜி நகசாவா. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

1945 ஆகஸ்ட் 15. பேரரசனின் குரல் வானொலியிலே ஒலித்தது. போர் முடிந்தது. தெய்வமென்று கற்பிக்கப்பட்டவர் மனிதக் குரலிலே பேசுகிறாரே என்று ஓயேயின் சிற்றூர்ப் பிள்ளைகள் திகைத்தார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. செப்டம்பர் 20ஆம் நாள் கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பு விடுத்தது: பாடநூல்களிலே போர் தொடர்பான பகுதிகளை நீக்குக! புதிய நூல் அச்சிடத் தாள் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே என்ன செய்தார்கள்? பிள்ளைகளின் கையிலேயே தூரிகையைக் கொடுத்தார்கள். ‘இத்தனையாம் பக்கம், இந்த வரி முதல் அந்த வரி வரை, மை பூசுங்கள்’ என்றார் ஆசிரியர். பிள்ளைகள் பூசினார்கள். வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்து எழுத்துத் தெரிந்தால், மீண்டும் பூசினார்கள். நேற்றுவரை திறக்குமுன் நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்கிய ஏடு அது. நாம் சரசுவதி என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அப்படிப்பட்ட ஏடு! சில பக்கங்களிலே எழுத்தைவிடக் கறுப்பே மிகுந்தது.

அந்தத் தலைமுறையினர் எழுதிய நினைவுகளிலே, குண்டு வீச்சுக்கு அடுத்தபடியாக ஆழப் பதிந்திருப்பது இந்த மைதான். ஏன் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பொய்ப் பாடம் போனது நல்லதுதானே, அதற்கு ஏன் வருந்த வேண்டும்? பொய் போனதற்கு அவர்கள் வருந்தவில்லை. நேற்று இந்த வரியை ஒப்பிக்கத் தவறியவனைப் பிரம்பால் அடித்த அதே ஆசிரியர், இன்று அதே வரியை அழி என்கிறார். இடையிலே ஒரு சொல், ஒரேயொரு சொல், ‘இது பொய், இதை நம்பச் சொன்னது தவறு, தவறு செய்தவர்கள் இன்னின்னார்’ என்று சொல்லவில்லை! அதுதான் உறுத்திற்று. பொய்யைக் கற்பித்தது முதற் காயம். காரணம் சொல்லாமல் அழிக்கச் சொன்னது இரண்டாவது காயம். முதற் காயம் குழந்தையை ஏமாற்றியது. இரண்டாவது காயம், உண்மை என்பதே மேலிருப்பவன் மாறினால் மாறும் சரக்கு என்று கற்பித்தது.

இதுதான் நான் இன்று சொல்ல வந்தது, தோழர்களே. அழிப்பது வேறு, திருத்துவது வேறு. அழிப்பவன் வரியை மறைக்கிறான். திருத்துகிறவன் வரியை அப்படியே வைத்து, பக்கத்திலே எழுதுகிறான்: இது ஏன் எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது, இதனால் எத்தனை பேர் மடிந்தனர் என்று. அழிப்பதற்கு ஆணை போதும். திருத்துவதற்கு நேர்மை வேண்டும்.

அன்றே வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. போர்க்காலத்து டோக்கியோவிலேயே சோசாக்கு கோபயாஷி என்னும் தலைமையாசிரியர், பழைய இரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கி, பிள்ளைகளைப் பேசவிட்டுத் தாம் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழிலும் வெளிவந்து நம் வீடுகளிலே படிக்கப்படும் ‘டோட்டோ–சான்’ நூலின் பள்ளி அதுதான். 1945இல் அதுவும் குண்டுக்கு இரையாயிற்று. ஆனால் அங்கே படித்த சிறுமி தெத்சுகோ குரோயானகி, 1981இல் நூலாக எழுதி அதை உலகுக்குக் காட்டினார். கட்டடம் எரிந்தது, கற்றது எரியவில்லை.

இடிபாடுகளிலிருந்து ஜப்பானின் பள்ளிகள் எழுந்த கதையும் போற்றத்தக்கது. கூரையில்லாத இடத்திலே வானமே கூரையாயிற்று. ஒரே அறையிலே காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் படித்தது. செய்தித்தாள் போலப் பெருந்தாளிலே அச்சிட்டு வந்த பாடத்தைப் பிள்ளைகளே வெட்டி மடித்துத் தைத்து நூலாக்கினார்கள். 1948இல் அரசு எடுத்த கணக்கிலே பெற்றோரற்ற பிள்ளைகள் 1,23,000க்கும் மேல். அவர்களிலே பலருக்குப் பள்ளி இல்லை. தொடர்வண்டி நிலையத்தின் சுரங்கப் பாதையே வீடு. 1946 டிசம்பரில், அயல்நாட்டு அறநிலையங்களின் உதவிப் பொருள்களைக் கொண்டு பள்ளியிலே உணவளிக்கத் தொடங்கினார்கள். பால்மாவைக் கரைத்த பாலின் நாற்றத்தை இன்றும் முகம் சுளித்து நினைவு கூர்கிறார்கள். ஆனால் அந்த நாற்றமுள்ள பால்தான் உயிர் காத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு யானையின் நினைவும் உண்டு. 1943இல், குண்டு விழுந்தால் விலங்குகள் வெளியேறிவிடும் என்று சொல்லி, டோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிச் சாலையிலே மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போர் முடிந்த பின் யானை பார்க்க ஏங்கிய பிள்ளைகள் நூற்றுக்கணக்கிலே நம் தலைமையமைச்சர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949 செப்டம்பரில், மைசூர்ச் சீமையின் யானை ஒன்று, அவர் மகளின் பெயரான ‘இந்திரா’ என்னும் பெயரோடு டோக்கியோவிலே போய் இறங்கிற்று. படை அனுப்பாமல் யானை அனுப்பியும் ஒரு நாட்டின் உள்ளத்தைத் தொடலாம் என்று பிள்ளைகள் கண்டார்கள்.

1947 மே 3இல் புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. போரைத் துறப்பதாக அதன் 9ஆம் பிரிவு அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் 31இல், கல்வி அடிப்படைச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு கல்வி அமைச்சகமே பிள்ளைகளுக்கு ஒரு சிறு நூல் வெளியிட்டது. அதிலே ஒரு படம்: பெரிய கொப்பரை; அதற்குள்ளே வானூர்தியும் குண்டுகளும் போர்க்கருவிகளும்; கீழே அவை உருகி, தொடர்வண்டியாகவும் கப்பலாகவும் தீயணைப்பு வண்டியாகவும் கட்டடங்களாகவும் வெளிவருகின்றன. 1948 சூனில் அந்நாட்டு நாடாளுமன்றம் 1890ஆம் ஆண்டுக் கல்வி ஆணையை விலக்கித் தீர்மானம் நிறைவேற்றிற்று. மை பூசிய பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஒரு விளக்கம், அரைகுறையாகவேனும், கிடைத்தது.

ஆனால் தூரிகை ஓய்ந்துவிட்டதா? இல்லை! 1950இல் கொரியப் போர் மூண்டது. ஜப்பானிலே மீண்டும் ஆயுதம் தாங்கிய படை உருவாயிற்று. கொப்பரைப் படமுள்ள சிறுநூல் சில ஆண்டுகளிலேயே வகுப்பறையை விட்டு மறைந்தது. வரலாற்றுப் பேராசிரியர் சாபுரோ இயெனகா, தம் பாடநூலிலே போரின் கொடுமைகளைக் குறைத்து எழுதச் சொன்ன அரசை எதிர்த்து 1965இல் வழக்குத் தொடுத்தார். மூன்று வழக்குகள், 32 ஆண்டுகள்! 1997இல், சீனாவிலே மனிதர்களை ஆய்வுப் பொருளாக்கிக் கொன்ற படைப் பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாக் கோரிக்கையிலும் அவர் வெல்லவில்லை. ஆனால் மைக்கு எதிராக ஒரு தனி மனிதன் நிற்க முடியும் என்று காட்டினார்.

2006இல் கல்வி அடிப்படைச் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டுப்பற்று கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக்கப்பட்டது. 2017இல், அரசமைப்புக்கு முரண்படாத முறையிலே அந்தப் பழைய ஆணையைப் பாடப்பொருளாகப் பயன்படுத்துவதை மறுக்க முடியாது என்று அமைச்சரவை கூறிற்று. 2023இல், ஹிரோஷிமா நகரின் பள்ளிகளுக்கான அமைதிக் கல்வி நூலிலிருந்து ‘வெறுங்கால் கென்’ நீக்கப்பட்டது. பள்ளிச் சுவரால் பிழைத்த சிறுவனின் கதைக்கு, அவன் ஊர்ப் பள்ளி நூலிலேயே இடமில்லாமற் போயிற்று! இக்காலத்துத் தூரிகையிலே கறுப்பு மை இல்லை. வெள்ளைத் தாளையே வைத்துவிடுகிறார்கள். அங்கே ஒரு வரி இருந்தது என்பதே அடுத்த பிள்ளைக்குத் தெரியாது.

ஆகவே தோழர்களே, இந்தப் படிப்பகத்துக்கு வரும் இளைஞர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். ஆட்சி எவருடையதாயினும், பாடநூலிலே ஒரு பகுதி சேர்ந்தால் ஏன் சேர்ந்தது என்று கேளுங்கள். நீங்கினால் ஏன் நீங்கியது என்று கேளுங்கள். நமக்குப் பிடித்தது சேர்ந்தாலும் கேளுங்கள். நமக்குப் பிடிக்காதது நீங்கினாலும் கேளுங்கள். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் இந்தப் படிப்பகத்தின் ஒரே நிலைப்பேழையிலே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிட்டுப் படிப்பவனை எந்த அரசும் எளிதிலே ஏமாற்ற முடியாது. உங்கள் வீட்டு முதியவர்களைக் கேளுங்கள்: அவர்கள் பள்ளியிலே என்ன கற்றார்கள், எதை நம்பினார்கள், எது பொய்யென்று பின்னர் கண்டார்கள் என்று. கேட்டதை எழுதி வையுங்கள். மலாயாத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம் ஊர்களிலே இருக்கிறார்கள். அவர்கள் காதிலே விழுந்த கதைகள் எந்த நாட்டுப் பாடநூலிலும் முழுமையாக இல்லை.

ஓயே, தாம் மறைந்த 2023 வரை, போரைத் துறந்த 9ஆம் பிரிவைக் காக்கும் பணியை விடவில்லை. 2004இல் அதற்கெனச் சங்கம் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். சாவேன் என்று சொல்லக் கற்பிக்கப்பட்ட சிறுவர், வாழ்வோம் என்று சொல்வதற்கு ஒரு வாழ்நாளையே செலவிட்டார். அந்தத் தலைமுறை நமக்கு விட்டுச் செல்லும் பாடம் மையின் அடியிலே இருக்கிறது. வெளிச்சத்திலே தூக்கிப் பிடித்தால் இன்றும் படிக்கலாம். பிடிக்கும் கைகள் நம்முடையனவாக இருக்கட்டும்!